பயிற்சிப் புத்தகத்துக்குப் படம் வரையக் கொடுக்கும் முன்: ஆண், பெண் படங்களைச் சரிபார்க்கும் வழி

பிள்ளைகளுக்காகப் பயிற்சிப் புத்தகமோ சுவர்ப்படமோ கதை அட்டையோ முதல் முறையாகத் தயாரிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று 64 பக்கத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம் போட்டோம், 600 பிரதி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று நான்கு பேர் மாறி மாறிப் பார்த்தோம். படங்களை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

புத்தகம் வந்த வாரமே, "இந்தப் படங்களில் இருக்கிறவர்களில் யாராக நடிக்க ஆசை?" என்று ஒரு விளையாட்டு வைத்தோம். பையன்கள் ஓட்டுநர், விவசாயி, போலீஸ், கடைக்காரர் என்று போட்டி போட்டு எடுத்தார்கள். பெண்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் டீச்சர். ஏன் எல்லோரும் டீச்சர் என்று கேட்டதற்கு ஒரு சிறுமி புத்தகத்தைப் புரட்டிக் காட்டி, "வேற பொம்பளைங்க யாரும் வேலைக்கே போகலையே சார்" என்றாள். அவளுடைய அம்மா நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர். எங்கள் புத்தகத்தில் இருந்த அம்மாக்கள் எல்லோரும் அடுப்பங்கரையில் இருந்தார்கள்.

அன்று இரவே உட்கார்ந்து எண்ணினோம். மொத்தம் 118 மனித உருவங்கள். ஆண்கள் 79, பெண்கள் 36, யாரென்று தெரியாதவை 3. அந்த 36 பேரில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் மூன்றே பேர், இரண்டு ஆசிரியர்கள், ஒரு செவிலியர். இரண்டாம் பதிப்புக்கு 27 படங்களைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. படத்துக்கு 350 ரூபாய் வீதம் 9,450 ரூபாய் போனது, இரண்டரை மாதமும் போனது. முதலிலேயே செய்திருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். எந்த வரிசையில் செய்தால் மிச்சம் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

1. படம் வருவதற்கு முன்பே கைப்பிரதியை வைத்து எண்ணுங்கள்

படங்கள் கைக்கு வந்த பிறகு எண்ணினால் மனசு வராது. ஓவியர் உழைத்திருப்பார், பணம் கொடுத்திருப்பீர்கள், "பரவாயில்லை, அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்று தோன்றிவிடும். அதனால் பாடம் எழுதி முடித்ததும், எந்தப் பக்கத்தில் என்ன படம் என்று முடிவு செய்கிற அதே நாளில் எண்ணிவிடுங்கள்.

ஒரு ஏ4 தாளோ எக்செல் ஷீட்டோ போதும். பக்க எண், படத்தில் இருப்பவர் ஆணா பெண்ணா, வயது (குழந்தை, பெரியவர், முதியவர்), எங்கே இருக்கிறார் (வீட்டுக்குள், வெளியே, வேலையிடம்), கையில் என்ன, என்ன செய்கிறார் என்று ஆறு கட்டம் போடுங்கள். யுனெஸ்கோ 2009-ல் பாடநூல்களுக்கென்று இதே மாதிரி எண்ணும் முறையை விளக்கும் கையேடு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பெரிய ஆய்வுக்கு அது உதவும், நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஆறு கட்டமே தாராளம். 64 பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். நானும் என்னோடு வேலை செய்யும் அக்காவும் எண்ணியபோது 14 இடங்களில் வேறுபட்டோம். தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் பெண்ணை நான் "வெளியே" என்று போட்டிருந்தேன், அவர் "வீட்டு வேலை" என்று போட்டிருந்தார். அவர் சொன்னதுதான் சரி.

ஆடை போட்ட விலங்குகளையும் விட்டுவிடாதீர்கள். கணக்குப் பாடத்தில் பேன்ட் போட்ட கரடி கடை நடத்தும், பாவாடை கட்டிய முயல் காய் வாங்கப் போகும். பிள்ளைகள் அதையும் அப்பா, அம்மாவாகத்தான் பார்க்கிறார்கள்.

2. தலைகளை எண்ணி முடித்ததும் வினைச்சொற்களை எழுதுங்கள்

எங்களுக்கு அதிகம் கற்றுத்தந்தது இந்த வேலைதான். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ஆண் உருவங்கள் செய்வதை எல்லாம் வினைச்சொல்லாக எழுதுங்கள், வலது பக்கம் பெண் உருவங்கள் செய்வதை. எங்கள் முதல் பதிப்பில் இடது பக்கம் ஓட்டுகிறார், ஏறுகிறான், அளக்கிறார், உழுகிறார், விளக்குகிறார், எறிகிறான் என்று நீண்டது. வலது பக்கம் சமைக்கிறார், கொடுக்கிறார், பார்க்கிறாள், சிரிக்கிறாள், நிற்கிறாள்.

"பார்க்கிறாள்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று கவனியுங்கள். எண்ணிக்கை சமமாக இருக்கும் புத்தகங்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. அறிவியல் பாடத்தில் ஒரு பையன், ஒரு பெண் என்று கணக்காகப் போட்டிருப்பார்கள், ஆனால் குவளையில் தண்ணீர் ஊற்றுகிறவன் பையன், வாயில் விரல் வைத்து வியக்கிறவள் பெண். மைதானப் படத்திலும் இதே கதைதான், கபடி ஆடுகிறவர்கள் பையன்கள், ஓரத்தில் கைதட்டுகிறவர்கள் பெண்பிள்ளைகள். கையில் பொருள் வைத்திருப்பது யார், படத்தின் நடுவில் இருப்பது யார், பேசுகிற மாதிரி வாய் திறந்திருப்பது யார் என்ற மூன்றையும் ஒவ்வொரு கூட்டுப்படத்திலும் பாருங்கள்.

கணக்குப் பாடத்தின் வாக்கியக் கணக்குகளைத் தனியாக ஒரு முறை படித்துவிடுங்கள். காய்கறி, பூ, கோலப்புள்ளி எல்லாம் பெண்பெயர்களோடும், வட்டி, தூரம், சுவர் கட்டுவது எல்லாம் ஆண்பெயர்களோடும் போய் ஒட்டிக்கொள்கின்றன. பெயரை மாற்றுவதற்குப் பணம் செலவாகாது, அதற்கேற்ற படமும் தானாக மாறிவிடும்.

3. தமிழ்ச் சொல் திறந்து வைத்திருப்பதைப் படம் மூடிவிடாமல் பாருங்கள்

நாம் எல்லோரும் கவனிக்காமல் விடுவது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மருத்துவர், ஓட்டுநர், காவலர், விவசாயி, விஞ்ஞானி, தொழிலாளி என்ற சொற்களைப் பாருங்கள். இவற்றில் எதுவுமே ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. "மருத்துவர் வந்தார், ஊசி போட்டார்" என்ற வாக்கியம் முழுக்கப் படித்தாலும் வந்தவர் யாரென்று தெரியாது. தமிழில் இப்படிப்பட்ட தொழில் பெயர்களும் மரியாதை வினையும் இருபாலருக்கும் பொது. அப்படியென்றால் அந்தப் பக்கத்தில் பாலினத்தைத் தீர்மானிப்பது படம் மட்டும்தான். ஓவியர் மீசை வைத்து ஒரு கோடு இழுத்துவிட்டால், அத்தனை பொதுவாக இருந்த சொல் பிள்ளையின் மனதில் ஆணாகிவிடுகிறது.

அதனால் கைப்பிரதியில் வரும் தொழில் பெயர்களை எல்லாம் ஒரே பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரை வரையப் போகிறோம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். ஓவியரிடம் விடாதீர்கள். எங்கள் பட்டியலில் 31 தொழில்கள் இருந்தன. 16 பெண், 15 ஆண் என்று பிரித்தோம்.

எழுத்து அட்டை தயாரிப்பவர்கள் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். உ-க்கு உரல் போட்டால் உலக்கையோடு ஒரு பெண் வந்துவிடுவார். ஏ-க்கு ஏர் போட்டால் தலைப்பாகையோடு ஒரு ஆண். ஐ-க்கு ஐவர் என்று போட்டு ஐந்து ஆண்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், அந்த ஐவரில் ஒரு பாட்டியும் இரண்டு சிறுமிகளும் இருப்பதற்கு எந்த இலக்கணமும் தடை இல்லை. அ-வில் அம்மாவும் ஔ-வில் ஔவையாரும் மட்டும்தான் பெண்கள் என்றால் நடுவில் இருக்கிற எழுத்துகளை எல்லாம் மறுபடி பாருங்கள்.

படத்தின் கீழே எழுதும் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆணை வரைந்தால் "ஓட்டுநர்" என்று எழுதுவோம், பெண்ணை வரைந்தால் "பெண் ஓட்டுநர்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த "பெண்" என்ற சொல் இது விதிவிலக்கு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அதேபோல் போலீஸ்காரர், தபால்காரர் போன்ற சொற்களைக் கேட்டால் காது ஆணையே நினைக்கிறது, காவலர், அஞ்சல் ஊழியர் என்று மாற்றிக்கொண்டால் இரண்டு பேரையும் வரையலாம்.

"ஊரில் இல்லாததை எல்லாம் போடக் கூடாது" என்று யாராவது சொல்வார்கள். ஊரில் என்ன இருக்கிறது என்று நடந்து பார்த்தே எழுதுங்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு தெருவில் நடந்து குறித்தோம். நாற்று நடுபவர்கள், களை எடுப்பவர்கள் எல்லோரும் பெண்கள், ஆனால் "விவசாயி" என்ற சொல்லுக்கு நாங்கள் வரைந்திருந்தது மண்வெட்டியோடு ஒரு ஆணை. நூறு நாள் வேலையில் பெண்கள், பால் சொசைட்டியில் கணக்கு எழுதுபவர் பெண், ரேஷன் கடையில் எடை போடுபவர் பெண், மகளிர் குழுவுக்காக வங்கிக்குப் போய் வருபவரும் பெண். சித்தாளாகப் பெண்கள் இருக்கிறார்கள், கொத்தனார் எல்லோரும் ஆண்கள், அதுவும் உண்மை. பக்கத்துத் தெருவில் பேத்திக்குத் தலை பின்னிவிடும் தாத்தா ஒருவர் இருக்கிறார். இவர்களை எல்லாம் அப்படியே வரைந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஊரில் இல்லாத தொழிலுக்கு உண்மையான ஆட்களைத் தேடுங்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். சந்திரயான்-2 திட்ட இயக்குநர் வனிதா முத்தையா சென்னையைச் சேர்ந்தவர். கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993-ல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். இப்படி ஒருவரை மனதில் வைத்து வரையச் சொன்னால் ஓவியருக்கும் முகம் கிடைக்கிறது, "இதெல்லாம் நடக்குமா" என்று கேட்பவருக்கும் பதில் கிடைக்கிறது. பத்திரிகைப் புகைப்படத்தை எடுத்து அப்படியே ஒட்டிவிடாதீர்கள், அதற்கு உரிமை வேறு ஒருவரிடம் இருக்கும்.

இன்னொரு தவறை நாங்களே செய்தோம். எல்லாவற்றையும் தலைகீழாக்கினோம். அம்மாக்கள் எல்லோரும் விமானி, அப்பாக்கள் எல்லோரும் சமையல். பிள்ளைகளுக்கு அது ஒட்டவில்லை. சமையலைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால், வீட்டில் அம்மா செய்கிற வேலைக்கு மதிப்பில்லை என்றும் ஆகிவிடும். கேரளத்தில் 2024-ல் வந்த புதிய மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சமையலறைப் படம் இருக்கிறது. சமையலறை அங்கேயே இருக்கிறது, வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எங்களுக்கு வழி காட்டியது அந்தப் படம்தான்.

4. ஓவியருக்கு எழுத்தில் குறிப்பு கொடுங்கள்

போனில் சொல்லிவிட்டு "நீங்களே பார்த்துப் போடுங்க" என்று விட்டால் பழைய படம்தான் வரும். அதற்காக ஓவியரைக் குறை சொல்ல முடியாது, அவரும் அதே சுவர்ப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்தான், கையும் அப்படித்தான் பழகியிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நான்கு வரியில் குறிப்பு எழுதுங்கள்.

நாங்கள் முதலில் எழுதியது: "பக்கம் 12. ஒரு விவசாயி வயலில்."

இப்போது எழுதுவது: "பக்கம் 12. விவசாயி, பெண், 45 வயதுக்கு மேல். சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வரப்பில் நின்று மோட்டார் சுவிட்சைப் போடுகிறார். பின்னால் இரண்டு பேர் களை எடுக்கிறார்கள், ஒருவர் ஆண். நிறம் மாநிறத்துக்குக் கீழே. நகை வேண்டாம். முகம் வேலையைப் பார்க்க வேண்டும், நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்."

உண்மையில் நம் ஊரில் வயலுக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டுதான் போகிறார்கள், வெயிலுக்கும் பயிர் அறுப்பதற்கும் அதுதான் தோது. படங்களில் மட்டும் புதுச்சேலையும் பூவுமாக நிற்பார்கள்.

எல்லாப் படங்களுக்கும் பொதுவான குறிப்பு என்று ஒரு பக்கம் தனியாகச் சேர்த்துவிடுங்கள். எங்களுடையதில் இருப்பவை இவை: பெண்பிள்ளைகளுக்குப் பெரிய இமை, சிவந்த உதடு வேண்டாம். எல்லோருக்கும் பட்டுப் பாவாடை வேண்டாம், சுடிதார், பள்ளிச் சீருடை, அரைக்கால் சட்டை எல்லாம் இருக்கட்டும். குட்டை முடி உள்ள சிறுமிகளும் கண்ணாடி போட்ட சிறுமிகளும் வேண்டும். அம்மாவும் மகளும் வெள்ளை, அப்பா மட்டும் கறுப்பு என்று நிறத்தைப் பிரிக்க வேண்டாம். பெண்ணென்றால் ரோஸ், ஆணென்றால் நீலம் வேண்டாம். அழுகிற பிள்ளை எப்போதும் பெண்ணாகவும், அடம் பிடிக்கிற பிள்ளை எப்போதும் பையனாகவும் இருக்க வேண்டாம். அப்பாக்களைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டும் ஊட்டிக்கொண்டும் வரையுங்கள், அதில் அவர்கள் திணறுகிற மாதிரியோ கேலிக்குரியவர்கள் மாதிரியோ வேண்டாம்.

5. பணம், ஒப்பந்தம்

எங்கள் பகுதியில் நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கூடவோ குறையவோ இருக்கலாம். சின்ன கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் 300 முதல் 400 ரூபாய், அரைப்பக்க வண்ணப்படம் 900, முழுப்பக்க வண்ணப்படம் 1,800, அட்டை 3,500. அனுபவமுள்ள சிறுவர் நூல் ஓவியர்கள் இதைவிட நிறைய வாங்குகிறார்கள், அவர்கள் உழைப்புக்கு அது நியாயம்தான்.

விலை பேசும்போதே பென்சில் ஸ்கெட்ச் முதலில் காட்ட வேண்டும், ஸ்கெட்ச் நிலையில் இரண்டு முறை திருத்தம் இலவசம், வண்ணம் போட்ட பிறகு மாற்றினால் பாதி விலை கூடுதல் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கெட்சில் ஆளை மாற்றுவது ஓவியருக்குப் பத்து நிமிட வேலை. வண்ணம் போட்ட பிறகு அது புதுப்படம். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள், முன்பணம் 30 சதவீதம், ஸ்கெட்ச் முடிந்ததும் 30, கோப்பு கைக்கு வந்ததும் மீதி.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும், ஆனால் கட்டாயம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 19-ஆம் பிரிவு இதைத்தான் கேட்கிறது. எத்தனை காலத்துக்கு உரிமை என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான் என்று அந்தப் பிரிவு எடுத்துக்கொள்ளும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். இலங்கையிலோ மலேசியாவிலோ இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கு அனுப்ப நினைத்தால் அதை முன்பே எழுதுங்கள். மறுபதிப்பு, சுவர்ப்படம், இணையத்தில் பிடிஎஃப், படத்தைத் திருத்தும் உரிமை என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். திருத்தும் உரிமையை நாங்கள் எழுதவில்லை. அதனால் ஒரு செவிலியருக்கு மீசை வைக்கக்கூட ஓவியரைத் தேடிப் போக வேண்டியிருந்தது, அவர் அப்போது வெளியூரில் இருந்தார். லேயர் (படத்தின் அடுக்குகள்) பிரித்த மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

6. இலவசப் படம், செயற்கை நுண்ணறிவுப் படம்

பணம் இல்லையென்றால் சிறுவர் நூல் வெளியிடும் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். அங்குள்ள படங்கள் பெரும்பாலும் சிசி-பிஒய் 4.0 என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் இருக்கின்றன. ஓவியர் பெயர், படம் கிடைத்த தளம், உரிமத்தின் பெயர் மூன்றையும் போட்டு, மாற்றியிருந்தால் மாற்றியதாகவும் சொல்லிவிட்டால் அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். விக்கிமீடியா காமன்ஸில் எஸ்ஏ என்று முடிகிற உரிமம் இருந்தால், படத்தைத் திருத்தி வெளியிடும்போது அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். கூகுளில் கிடைத்தது என்று எதையும் எடுக்காதீர்கள்.

தேடும்போது தொழிலைப் போட்டுத் தேடினால் அதே பழைய முகங்கள்தான் முதலில் வரும். செயலைப் போட்டுத் தேடுங்கள், "சிறுமி மரம் ஏறுகிறாள்", "அப்பா துணி துவைக்கிறார்" என்று.

செயற்கை நுண்ணறிவில் படம் எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். தமிழ்ச் சொல் பொதுவாக இருந்தாலும் "விஞ்ஞானி" என்று கேட்டால் எனக்கு நரைத்த தாடிதான் திரும்பத் திரும்ப வந்தது. நான்காம் பகுதியில் சொன்ன குறிப்பை அப்படியே முழுசாகக் கொடுங்கள், வந்த படத்தையும் அதே ஆறு கட்டத்தில் எண்ணுங்கள். விரல்கள், தாலி, பொட்டு இதெல்லாம் தப்பாக வரும், அதையும் பாருங்கள்.

7. ஸ்கெட்ச் நிலையிலேயே பிள்ளைகளிடம் காட்டுங்கள்

இதற்கு இரண்டு மாலை போதும். சொற்களை மறைத்துவிட்டு, ஸ்கெட்சை மட்டும் ஆறேழு பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் காட்டி, "இவங்க யாரு? என்ன செய்றாங்க?" என்று கேளுங்கள். பதிலை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். நாங்கள் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக வரைந்த பெண்ணை ஏழில் ஐந்து பேர் "நர்ஸ்" என்றார்கள். படத்தில் தவறில்லை, ஆனால் அது போதவில்லை. மேசையில் உட்கார்ந்து மருந்துச்சீட்டு எழுதுகிற மாதிரியும், பக்கத்தில் ஒரு ஆண் செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்கிற மாதிரியும் மாற்றினோம். அப்புறம் எல்லோரும் "டாக்டர்" என்றார்கள்.

அதோடு, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து விஞ்ஞானி ஒருவரை வரையச் சொல்லுங்கள். இந்தச் சோதனை பழையது. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 1983-ல் வெளியிட்ட ஆய்வில் 4,807 பிள்ளைகள் வரைந்தார்கள். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், அந்த 28 பேரும் சிறுமிகள். 1985-க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வந்த கட்டுரையில், சராசரியாக 28 சதவீதப் பிள்ளைகள் பெண்ணை வரைந்திருந்தார்கள். பார்க்கிற முகங்கள் மாறினால் வரைகிற முகமும் மாறும் என்ற தைரியம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது. எங்கள் வகுப்பில் வரைந்த தாள்களைத் தேதி போட்டு எடுத்து வைத்திருக்கிறோம்.

8. அனுமதி கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு தாள்

நிதி தருபவரோ பள்ளி நிர்வாகமோ "எதற்கு இந்த மாற்றமெல்லாம்" என்று கேட்டால் வாக்குவாதம் செய்து நேரத்தை விடாதீர்கள். ஒரு பக்கத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் 1979-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவு, ஆண் பெண் பாத்திரங்களைப் பற்றிய பழகிப்போன எண்ணங்களைப் பாடநூல்களைத் திருத்தி நீக்கச் சொல்கிறது. இந்தியா அதை 1993-ல் ஏற்றுக்கொண்டது. தேசியக் கலைத்திட்டம் 2005-க்காகக் கல்வியில் பாலினம் பற்றித் தனி அறிக்கையே எழுதப்பட்டது, என்சிஇஆர்டி (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம்) தளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். அந்த நிறுவனத்தில் இதற்கென்று ஒரு துறையும் இருக்கிறது. இந்தத் தாளோடு உங்கள் எண்ணிக்கை அட்டவணையையும், பிள்ளைகள் சொன்ன பதில்களையும் இணையுங்கள். எங்களிடம் அதிகம் தயங்கியவர் ஒரு மூத்த ஆசிரியர். வினைச்சொல் பட்டியலைப் படித்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அரசுப் பள்ளிக்குள் கொடுப்பதாக இருந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மேலே யாரிடமாவது கேட்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். அச்சடித்த பிறகு கேட்காதீர்கள்.

9. நாள்கணக்கு, அச்சகம், அட்டை

ஜூனில் பள்ளி திறக்கும்போது புத்தகம் வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் வாரத்தில் ஆரம்பியுங்கள். எண்ணுவதும் பட்டியலும் ஒரு வாரம், குறிப்பு எழுத ஒரு வாரம், ஸ்கெட்ச் மூன்று வாரம், பிள்ளைகளிடம் காட்டித் திருத்த ஒரு வாரம், வண்ணம் மூன்று வாரம், டிடிபி (கணினியில் பக்கம் அமைப்பது) இரண்டு வாரம், அச்சு பத்து நாள். ஓவியர்களைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய நவம்பர், டிசம்பரில் பிடிப்பது கஷ்டம், அச்சகங்களும் அப்போது காலண்டர், டைரி வேலையில் இருக்கும்.

டிடிபி செய்பவர் இடம் நிரப்ப எங்கிருந்தாவது ஒரு கிளிப்ஆர்ட்டை எடுத்துப் போடுவார். எங்கள் இரண்டாம் பதிப்பில் அப்படி நான்கு படம் நுழைந்திருந்தது, அதில் இரண்டு, கோட் போட்ட ஆண் ஆசிரியர் கரும்பலகையைக் காட்டுவது. கடைசி புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பிரதி) வந்ததும் எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் ஒரு முறை முதலிலிருந்து கடைசி வரை புரட்டுங்கள். ஆஃப்செட் அச்சில் ஒரு பிளேட்டில் (அச்சுத் தகட்டில்) பல பக்கங்கள் சேர்ந்திருக்கும், பிளேட் எடுத்த பிறகு ஒரு சின்னப் படத்தை மாற்றினாலும் அந்த பிளேட் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றால் வருத்தப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். மிக மோசமான நான்கைந்து படங்களுக்கு மட்டும் ஸ்டிக்கர் அடித்து ஒட்டலாம். நாங்கள் 600 பிரதிக்கும் ஐந்து ஸ்டிக்கர் வீதம் 3,000 அடித்தோம், பிள்ளைகளே உட்கார்ந்து ஒட்டினார்கள், ஒட்டும்போது எந்தப் படத்தை ஏன் மாற்றுகிறோம் என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக அட்டை. எல்லோரும் அட்டையை முடிவில் அவசரமாக வரையச் சொல்வார்கள், அவசரத்தில் ஓவியர் கைக்குப் பழகியதுதான் வரும், புத்தகப்பையோடு துள்ளுகிற ஒரு பையனும் அவனுக்குப் பின்னால் இரட்டைச் சடையோடு ஒரு சிறுமியும். உள்ளே நீங்கள் இரண்டு மாதம் செய்ததை அந்த ஒரு படம் மறைத்துவிடும். அட்டைக்கான குறிப்பை முதலில் எழுதி, அட்டை ஸ்கெட்சை முதலில் வாங்குங்கள். எங்கள் இரண்டாம் பதிப்பு அட்டையில் ஒரு சிறுமி சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறாள், தம்பி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுகிறான்.